முன்பாரம்

அப்பா டென்வருக்கு வந்த மூன்றாம் நாள் காலை, காபி டம்ளரோடு வாசலுக்குப் போய் என் பிக்கப் டிரக்கை ஒரு சுற்று சுற்றி வந்தார். பின்தொட்டியின் இரண்டு பக்கச் சுவர்களிலும் மேல் விளிம்பு ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே அளவுக்கு நசுங்கியிருந்தது. அதில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தவர், "பின் பூட்டு விழுகறதுக்கு முன்னாடி இழுத்துட்டியா கண்ணு?" என்றார்.

அலுவலகத்தில் எல்லோரிடமும் பார்க்கிங்கில் யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டதாகச் சொல்லி வைத்திருந்தேன். இன்சூரன்ஸ்காரரிடமும் என் மனைவியிடமும் மட்டும்தான் உண்மை. சங்ககிரியிலிருந்து வந்து நேரமாற்றத் தூக்கம்கூடத் தெளியாத மனிதர், இரண்டு நசுங்கலைப் பார்த்து மொத்தக் கதையையும் சொல்லிவிட்டார்.

"ஆமாங்ப்பா" என்றேன்.

"பரவால்ல. எல்லாரும் ஒருக்கா போடுவாங்க."

அப்பா லாரி ஓட்டியவர். பத்து டன் லாரியில் ஆரம்பித்து, பிறகு டிரெய்லர் லாரி. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, 1998இல், நிறுத்திவிட்டார். முதுகுவலி என்றுதான் எங்களுக்குத் தெரியும். அதன்பின் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதினார். கல்லூரி விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் நான் 'டிரான்ஸ்போர்ட்' என்று எழுதினேன். பொய் இல்லை. ஆனால் ஏன் 'டிரைவர்' என்று எழுதவில்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது அவர் பையன், மாதத் தவணை கட்டி, வார இறுதிகளில், பொழுதுபோக்காக டிரெய்லர் இழுக்கிறான்.

*

அமெரிக்கச் சாலைகளில் கேம்பிங் டிரெய்லர்களை இரண்டு விதமாக இழுக்கிறார்கள். ஒன்று, காரின் பின் பம்பருக்குக் கீழே ஓர் உருண்டையில் மாட்டுவது. இழுபுள்ளி பின் அச்சுக்கு மூன்று நான்கு அடி பின்னால் இருப்பதால், டிரெய்லரின் பக்கவாட்டு ஆட்டம் நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்து போனால் போதும், நாய் வாலை ஆட்டுவதற்குப் பதில் வால் நாயை ஆட்ட ஆரம்பிக்கும்.

இரண்டாவது ஃபிப்த் வீல். இதில் இழுபுள்ளி டிரக்கின் பின்தொட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது ஒரு சாண் முன்னால் இருக்கும். தொட்டிக்குள் கனத்த இரும்புத் தட்டு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதன் பின்பக்கம் V வடிவில் ஒரு வெட்டு. டிரெய்லரின் மூக்கிலிருந்து கீழ்நோக்கி இரண்டு அங்குல விட்டமுள்ள கிங்பின் தொங்கும். டிரக்கைப் பின்னால் எடுக்க எடுக்க அந்தப் பின் வெட்டுக்குள் நுழையும், தட்டுக்கு அடியில் இரண்டு தாடைகள் அதைக் கவ்விக்கொள்ளும். நெடுஞ்சாலையில் ஓடும் பதினெட்டுச் சக்கர லாரிகளின் அதே ஏற்பாடு, கொஞ்சம் சின்ன அளவில்.

நான்கு சக்கர வண்டிக்கு ஐந்தாவது சக்கரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எனக்கும் இருந்தது. குதிரை வண்டிக் காலத்துப் பெயர் அது. முன் அச்சு திரும்புவதற்காக வண்டியின் அடியில் படுக்கவைத்த வளையத்தை ஐந்தாம் சக்கரம் என்றார்கள். 1920களில், விமான முன்னோடிகளில் ஒருவரான கிளென் கர்ட்டிஸ் 'ஏரோகார்' என்ற டிரெய்லரைச் செய்தபோது, காரின் பின்பகுதியில் ஒரு விமானச் சக்கரத்தையே படுக்கவைத்து அதன் நடுவில் டிரெய்லரை மாட்டினார். குலுக்கலை டயர் வாங்கிக்கொள்ளும். சக்கரம் போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. மென்பொருளிலும் இப்படித்தான். ஃபிளாப்பியைப் பார்த்தே இராத என் மகள் அதன் படத்தை அழுத்தித்தான் கோப்பைச் சேமிக்கிறாள்.

*

நசுங்கலின் கதை இது. முதல் வருடம், டிரெய்லரை வாடகைக்கு நிறுத்தியிருக்கும் மைதானத்தில் தனியாக மாட்டிக்கொண்டிருந்தேன். டிரெய்லரின் மூக்கு இருக்க வேண்டிய உயரத்தைவிட ஓர் அங்குலம் மேலே இருந்திருக்கிறது. கிங்பின் தாடைகளுக்குள் இறங்காமல் அவற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. பூட்டு நெம்புகோல் பாதிக்கு மேல் உள்ளே போயிருந்தது. பார்க்கப் பூட்டியது மாதிரித்தான் இருந்தது.

இதற்கென்று ஒரு சோதனை உண்டு. டிரெய்லரின் முன்கால்கள் தரையில் ஊன்றியிருக்கும்போதே, உள்ளே இருக்கும் கட்டுப்படுத்தியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு, டிரக்கை மெதுவாக முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். பூட்டியிருந்தால் டிரக் திணறி நிற்கும். பூட்டவில்லை என்றால் பின் வெளியே வந்துவிடும். ஆனால் கால்கள் ஊன்றியிருப்பதால் எதுவும் விழாது. இரண்டு நிமிட வேலை.

அந்த இரண்டு நிமிடத்தில் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. சர்வர் ஒன்று படுத்துவிட்டது. பேசிக்கொண்டே கால்களை உயர்த்தினேன், பேசிக்கொண்டே வண்டியை எடுத்தேன். நான்கடி போயிருப்பேன். இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். கிட்டத்தட்ட 800 கிலோ முன்பகுதி தொட்டியின் பக்கச் சுவர்கள் மேல் உட்கார்ந்திருந்தது. மகள் அன்று வரவில்லை. வந்திருந்தால், மாட்டும்போது வழக்கமாக அவள் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பாள்.

வேலையில் நான் பிறர் எழுதிய நிரலைச் சரிபார்க்கும்போது தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வேலை முடிந்தது என்று பதில் வந்தது சரி. உண்மையில் முடிந்ததா என்று பார்த்தாயா?" இதை நான் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

*

ஜூலை மாதம், ஐந்து பேரும் சேர்ந்து மேற்கே ஃப்ரூட்டா வரை போவதாகத் திட்டம். டென்வரிலிருந்து 260 மைல் சொச்சம், எல்லாம் ஐ-70 நெடுஞ்சாலைதான். கொலராடோ ஆற்றங்கரையில் முகாம். அம்மா இரண்டு நாளாகப் பொடி இடித்துக்கொண்டிருந்தார். மகள் தன் சைக்கிளையும் தாத்தாவுக்கு ஒரு நாற்காலியையும் டிரெய்லரில் ஏற்றிவிட்டாள்.

முந்தின நாள் மாலை டிரெய்லரை மாட்டி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். அப்பா பார்க்க வேண்டும் என்று இழுத்துப் பார்க்கும் சோதனையை இரண்டு முறை செய்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. டிரக்கின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்பிரிங் பட்டை நேரா நிக்குது."

"சுமை ஏறினா அப்படித்தானங்ப்பா இருக்கும்."

"வளைஞ்சு இருக்கோணும். நேரா நிக்கக் கூடாது. முன்பாரம் எவ்வளவு?"

முன்பாரம். அந்தச் சொல்லைக் கேட்டு இருபது வருடம் இருக்கும். மாட்டு வண்டியில் மூட்டை அடுக்கும்போது சொல்வது. இரண்டு சக்கர வண்டியில் சுமை அச்சுக்குப் பின்னால் அதிகமானால் பின்பாரம். நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்னால் அதிகமானால் முன்பாரம், மாட்டின் கழுத்தில் அமுங்கும். கொஞ்சம் முன்பாரம் இருந்தால்தான் வண்டி நிதானமாகப் போகும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில்தான் வண்டிக்காரரின் கை இருக்கிறது.

ஃபிப்த் வீலின் முழுச் சூத்திரமும் இதுதான். டிரெய்லரின் மொத்த எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை கிங்பின் வழியாக டிரக்கின் மேல் இறங்க வேண்டும். அதனால்தான் அது ஆடாமல் வருகிறது. பம்பரில் மாட்டும் டிரெய்லருக்கு இது 10 முதல் 15 சதவீதம். ஃபிப்த் வீல் நிதானமாக வருவதற்குக் கொடுக்கும் விலை, டிரக் அதிகம் சுமக்க வேண்டும் என்பது.

நான் விற்பனையாளர் சொன்னதைச் சொன்னேன். என் டிரக் 11,000 பவுண்டு இழுக்கும். டிரெய்லர் காலியாக 7,300 பவுண்டுதான். நிறைய இடம் இருக்கிறது.

"இழுக்கறதக் கேக்கல. சொமக்கறது எவ்வளவு?"

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் நடுத்தூணில் ஒரு மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டவே கூடாது என்று எழுதியிருக்கும். இரண்டு வருடமாக அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அன்றுதான் படித்தேன். 1,680.

மனதுக்குள் கணக்கு ஓடியது. நீரும் சாமானும் ஏற்றிய டிரெய்லர் 9,000 பவுண்டு என்றால், அதில் ஐந்தில் ஒரு பங்கு 1,800. அங்கேயே தாண்டிவிட்டது. நாங்கள் யாரும் இன்னும் ஏறவே இல்லை.

"இது தோராயக் கணக்குங்ப்பா. எல்லாரும் இப்படித்தான் ஓட்டறாங்க. கம்பெனிக்காரன் கொஞ்சம் குறைச்சுத்தான் எழுதியிருப்பான்."

சொல்லி முடித்ததும் எனக்கே கேட்டது, நான் யார் மாதிரி பேசுகிறேன் என்று. லாரி முதலாளி மாதிரி.

அப்பா வாதாடவில்லை. "நாளைக்குப் போற வழியில எடைமேடை இருந்தா போட்டுப் பாரு. நான் சொல்றதும் வேண்டாம், நீ சொல்றதும் வேண்டாம்."

*

இங்கே பெரிய லாரிகள் நிற்கும் எரிபொருள் நிலையங்களில் எடைமேடைகள் உண்டு. அடுத்தடுத்து மூன்று பலகைகள். முன் அச்சு ஒன்றில், பின் அச்சு ஒன்றில், டிரெய்லரின் அச்சுகள் மூன்றாவதில் நிற்குமாறு வண்டியை ஏற்ற வேண்டும். ஒரு பொத்தானை அழுத்திப் பேசினால் உள்ளே இருப்பவர் எடை எடுப்பார், கவுண்டரில் போய்ச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். மலை ஏறுவதற்கு முன்னால், காலை ஏழு மணிக்கு, இரண்டு பெரிய லாரிகளுக்கு நடுவில் வரிசையில் நின்றோம்.

சீட்டை வாங்கி வந்து அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முன் அச்சு 3,540. பின் அச்சு 4,480. டிரெய்லர் அச்சுகள் 7,200. மொத்தம் 15,220 பவுண்டு. டிரக்கின் பின் அச்சுக்கு அனுமதி 4,100. டிரக் மொத்தமாக நிற்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட எடை 7,100, நின்றது 8,020. அதாவது 920 பவுண்டு அதிகம். கிலோவில் 417.

இழுக்கும் திறனில் இன்னும் 2,000 பவுண்டு மிச்சம் இருந்தது. விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அம்மாவும் மனைவியும் மகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனார்கள். அப்பாவும் நானும் நடைபாதை விளிம்பில் காகிதக் கோப்பையோடு உட்கார்ந்தோம். மெதுவாகப் போனால் போய்விடலாம் என்று நான் ஆரம்பித்தேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தொப்பூர்ல நான் விட்டது தெரியுமா உனக்கு?"

தெரியாது.

"பத்து டன் வண்டி. பதினேழு ஏத்தியிருந்தோம். ஒவ்வொரு வாரமும் ஏத்தறதுதான். மொதலாளி சொன்னாருன்னு சொல்லலாம். எனக்கும் டிரிப்புக்கு மேல காசு வந்துச்சு. எறக்கத்துல பிரேக்கு கொஞ்சங் கொஞ்சமா போச்சு. மொதல்ல வாசம் வந்துச்சு, அப்புறம் பெடல் உள்ள போச்சு. மலைப்பக்கம் திருப்பி மோதி நிறுத்தினேன். எனக்கு ஒண்ணும் ஆகல. கிளீனர் பையனுக்கு ஒரு கால் போச்சு. பத்தொம்பது வயசு."

கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை.

"அப்புறம் ஸ்டேரிங்ல உக்காந்தா கை நடுங்குச்சு. உங்கம்மாகிட்ட முதுகுவலின்னு சொன்னேன்."

நான் என்ன சொல்வதென்று தெரியாமல் கையில் இருந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அந்தக் கணக்கைப் போட்டேன். எங்களுக்கு முன்னால் ஐசன்ஹோவர் சுரங்கம் இருந்தது, 11,000 அடிக்கு மேலே. அதைத் தாண்டியதும் சில்வர்தார்ன் ஊர் வரை எட்டு மைல் சொச்சத்தில் இரண்டாயிரம் அடி இறக்கம். 15,220 பவுண்டு, ஏறத்தாழ ஏழு டன், அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியே வர வேண்டிய ஆற்றல் பன்னிரண்டு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். சங்ககிரி வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் ஓடும் கரண்ட். அத்தனையும் பதினைந்து இருபது நிமிடத்தில் எங்காவது வெப்பமாகப் போயாக வேண்டும். கீழ் கியரில் இஞ்சின் பிடித்துக்கொண்டால் பெரும்பகுதி அதன் வழியாகப் போகும். இல்லையென்றால் பிரேக் வழியாக. பிரேக் ஓர் அளவுக்கு மேல் சூடானால் பிடிப்பதை நிறுத்திவிடும். அந்த இறக்கத்தில் பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே சரளைக்கல் சரிவுகள் கட்டி வைத்திருக்கிறார்கள். பலமுறை காரில் கடந்தபோது அவற்றை வேடிக்கையாகப் பார்த்திருக்கிறேன்.

வண்டியைத் திருப்பினேன். மகள் வீடு வரை அழுதாள். அம்மா என்னோடும் அப்பாவோடும் அன்று சரியாகப் பேசவில்லை. புளிசாதத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

*

ஆகஸ்டில் அந்த டிரக்கைக் கொடுத்துவிட்டு, பழைய டீசல் டிரக் ஒன்றை வாங்கினேன். 'ஒரு டன்' வகை என்பார்கள். அந்தப் பெயரும் ஐந்தாம் சக்கரம் மாதிரிதான், பழைய காலத்து மிச்சம். கதவு ஸ்டிக்கரில் 3,900 பவுண்டு. நசுங்கல்களுக்காகவும் சேர்த்து விலையில் நன்றாகவே அடி விழுந்தது. மனைவி கணக்குப் பார்த்துவிட்டு, "மாமா வராம இருந்திருந்தா இது மிச்சம்" என்றாள். பிறகு அவளே, "வேண்டாம், அந்த மிச்சம் வேண்டாம்" என்றாள்.

செப்டம்பரில் மீண்டும் எடைமேடை, மீண்டும் சீட்டு. இந்த முறை எல்லா எண்களும் அடங்கின. அப்பா சீட்டை வாங்கி மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மாட்டும்போது அவரை எதிரில் நிற்கவைத்துப் பட்டியலை உரக்கச் சொல்லிக்கொண்டே செய்தேன். சக்கரத்துக்குக் கட்டை. உயரம். பின் உள்ளே. தாடை மூடியதா என்று டார்ச் அடித்துக் கண்ணால் பார்த்தாயிற்று. நெம்புகோல் முழுதாக உள்ளே, அதற்குப் பூட்டு. ஏழு முனை மின்கம்பி. டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்கவைக்கும் மெல்லிய கம்பி. இழுத்துப் பார்ப்பது. அதற்குப் பிறகுதான் கால்களை உயர்த்துவது. போன் டிரக்கின் முன்பெட்டிக்குள். அப்பா ஒவ்வொன்றுக்கும் "ம்" சொன்னார். ஓர் இடத்திலும் திருத்தவில்லை.

ஃப்ரூட்டாவில் நான்கு நாள். ஆற்றங்கரையில் மகள் கொண்டுவந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து முகாம்களில் வண்டி பின்னெடுக்க யாராவது திணறினால் எழுந்து போய்க் கையசைத்து உதவினார். ஆங்கிலம் தேவைப்படவில்லை. ஒருநாள் சாயங்காலம் அந்தக் கிளீனர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். பவானியில் டீக்கடை, நான்தான் முன்பணம் கட்டினேன், மாசம் ஒருக்கா போவேன் என்றார். அவர் மாதம் ஒருமுறை பவானிக்குப் போவது எனக்குத் தெரியும். கோயிலுக்கு என்று நினைத்திருந்தேன்.

திரும்பும்போது சுரங்கத்தைத் தாண்டி டென்வர் பக்கம் இறங்கினோம். ஏறின கியரிலேயே இறங்கு என்பது அப்பாவின் சட்டம். கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, லாரிகளோடு வலது ஓரத் தடத்தில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் அப்பாவின் வலது கால் தரையை அமுக்கிக்கொண்டே வந்தது. அவருக்கே தெரிந்திருக்காது.

மலைகள் விலகத் தொடங்கி, தூரத்தில் சமவெளி கண்ணில் படும் இடம் ஒன்று உண்டு. எல்லாம் முடிந்தது என்று மனம் தளரும் இடம். சரியாக அங்கே சாலைக்கு மேல் பெரிய மஞ்சள் பலகை.

"என்ன எழுதியிருக்கான்?" என்றார்.

"லாரிக்காரங்களே, ஏமாந்துறாதீங்க. இன்னும் நாலு மைல் இறக்கமும் வளைவும் இருக்கு."

"நெசமாவா? அப்படியே எழுதியிருக்கானா?"

"அப்படியேதாங்ப்பா. இன்னும் கொஞ்சம் கீழ போனா இன்னொண்ணு இருக்கு. நீங்க இன்னும் இறங்கி முடிக்கலன்னு."

அவர் திரும்பி, கடந்து போன பலகை கண்ணாடியில் சிறிதாவதைப் பார்த்தார். சட்டைப்பையில் இருந்த எடைச் சீட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இஞ்சின் சத்தத்தக் கேட்டுக்கிட்டே வா" என்றார். "பேசாத."

வீடு வரும்வரை யாரும் பேசவில்லை.